பெரஹெராவின் கடைசி வரிசை

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதப்போகிறேன். எனக்கு நல்ல பெயர் தராத இடங்களையும் விடமாட்டேன். விட்டால் நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும்.

நீ கட்டுரை எழுதிய சீ.ஆர். கொப்பி என் முன்னால் இருக்கிறது. நாம் வழக்கமாக இருக்கும் நூலக மேசையில், சன்னலோரக் கதிரையில் இருந்து எழுதுகிறேன். கொப்பிக்கு நீ பழைய கலண்டர் தாளில் உறை போட்டிருக்கிறாய். உங்கள் வீட்டு அடுப்பின் மண்ணெண்ணெய் வாசம் அதில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. திறந்தால் உன் நீல மை. அதன்மேல் சிவப்பு மை. அந்தச் சிவப்பு மைதான் இந்த மடலுக்குக் காரணம்.

சென்ற வருடம் ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் தமிழ் மிஸ் வகுப்பில் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "விடுமுறைக்கு எங்க போறீங்களோ, அந்த ஊரின்ர வரலாற்றையும் பண்பாட்டையும் வாசிச்சுப்போட்டுப் போங்கோ. ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. சும்மா போய் ஐஸ்கிறீம் குடிச்சிட்டு வராதேங்கோ."

நீ என் காதருகே குனிந்து, "ஐஸ்கிறீம எப்புடிடி குடிப்பீங்க, ஸ்ட்ரோ போட்டா?" என்றாய். நான் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆகஸ்டும் யாழ்ப்பாணம்தான். அப்பா கண்டிக்கு மாற்றலாகி வந்து பல வருடங்கள் ஆகியும் நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு எடுக்கத் தவறியதில்லை. அதனால் எனக்கு எழுதுவது சுலபம். கோட்டை, பழைய இராசதானி, பனை, பூசை முறைகள் என்று புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு குறிப்பெடுத்தேன். அடுக்கைப் பார்த்துவிட்டு நீ சொன்னாய்: "நீ போறதுக்கு முன்னாலயே போயிட்டு வந்துர்ற. அப்புறம் எதுக்குடி பஸ் டிக்கட்?"

நீ கண்டியை விட்டு எங்கும் போகவில்லை; உங்கள் வீடு இருக்கும் பகுதிதான். "மஹய்யாவதான் போறேன். நடந்தே போயிருவேன்," என்றாய். அந்த இடத்தில்தான், மலையகத் தமிழரை எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லை நான் சொன்னேன். நல்ல எண்ணத்தோடு, உதவி செய்யும் குரலில் சொன்னேன்: "அப்ப தோட்டக்காட்டு ஆக்களைப் பற்றி எழுதன். கனக்கப் புத்தகம் இருக்கு."

நீ பேனையை மூடி வைத்தாய்.

"எங்க வீட்டுக்குப் பின்னால எந்தத் தோட்டம்டி இருக்கு?"

நீயே பதிலும் சொன்னாய்.

"ஒரு தக்காளிச் செடி இருந்துச்சு. அதையும் ஆடு தின்னுருச்சு."

நான் சிரிக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. "அந்த வார்த்தைய இனிமே சொல்லாத. எங்கிட்ட மட்டும் இல்ல, புசல்லாவையில இருக்கிற எங்க மாமாகிட்டயும் சொல்லாத. அவரு தேயிலைத் தோட்டத்துலதான் வேலை செய்றாரு. காட்டுல இல்ல."

அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அந்தச் சொல்லைப் பற்றிக் கேட்டேன். "ஓம், எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை," என்றார் சமையலறையிலிருந்து. இனி எங்கள் வீட்டில் சொல்லக்கூடாது என்றேன். சரி என்றார். இரண்டு நாள் கழித்துப் பெரியம்மாவோடு தொலைபேசியில் கதைக்கும்போது மறுபடி அம்மாவின் வாயில் வந்தது. அவர் சொல்லை மாற்றிச் சொல்லும்வரை நான் பக்கத்திலேயே நின்றேன். இதை உனக்கு நான் சொல்லவேயில்லை. பெருமை பேசுகிறேன் என்று நினைப்பாயோ என்று பயம்.

பிறகு இருவரும் சேர்ந்து மஹய்யாவவைத் தேடினோம். தமிழ் நூல்கள் இருக்கும் அந்த ஒரே அலுமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தோம். கண்டி அரசர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த நாயக்க அரசிகள் இருந்தார்கள். தலதா மாளிகை, வாவி, அந்த மாளிகையின் பெரஹெரா ஊர்வலத்தில் எந்த யானைக்குப் பின் எந்தக் கொடி என்பது வரை இருந்தது. மஹய்யாவவுக்கு ஒரு சுரங்கப் பாதையும், ஒரு மயானமும், ஒரு வரியும் கிடைத்தன. அந்த வரி: 'நகரத் துப்புரவுப் பணிக்கென இந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்டோர் இங்கு வசிக்கின்றனர்.'

நீ அதை இரண்டு தரம் வாசித்தாய். "ராஜாவுக்கு அங்கருந்து பொண்ணு எடுத்தா ஒரு அத்தியாயம். தெருவக் கூட்ட அங்கருந்து ஆள் எடுத்தா ஒரு வரி," என்றாய். குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் நூலகர் தலைதூக்கிப் பார்த்தார்.

புத்தகத்தில் இல்லாததை நீ நேரில் போய்ப் பார்த்து எழுதினாய். விடுமுறையில் நான் நல்லூரில் வெயிலில் நின்றபோது, நீ பெரஹெரா போன பிறகு உன் அம்மாவோடும் மற்றவர்களோடும் வீதியில் நடந்திருக்கிறாய். பந்தங்களிலிருந்து உதிரும் கொப்பரைச் சாம்பலைக் காய்ந்திருக்கும்போதே கூட்டிவிட வேண்டும், தண்ணீர் பட்டால் தாரோடு ஒட்டிக்கொள்ளும் என்று எழுதினாய். யானைச் சாணத்துக்கு ஈர்க்கு விளக்குமாறு உதவாது, முதலில் தகரத்தால் அள்ள வேண்டும் என்று எழுதினாய். சனங்கள் இருந்து பார்க்க விரித்த பொலித்தீன் தாள்களை மைல் கணக்கில் சுருட்டுவதைப் பற்றி எழுதினாய். தலைப்பு, 'பெரஹெராவின் கடைசி வரிசை'. முதல் வரி, 'என் அம்மா வீதி கூட்டுகிறார்.'

அடுத்த சஞ்சிகைக்கு உதவும் என்று மிஸ் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டார். அது திரும்பி வருமுன் மே மாத வெசாக் பண்டிகை வந்தது. வெளிச்சக் கூடுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அந்த வாரத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆறு நாள். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. எழுதப்போவதும் இல்லை.

போன மாதம் பாடசாலைச் சஞ்சிகை வேலை தொடங்கியது. நான் அதன் மாணவ இதழாசிரியர். மிஸ் உன் கொப்பியை என்னிடம் தந்து, உன் நினைவாக ஒரு பக்கம் போடுவோம் என்றார். கொப்பியை இரண்டு கையாலும் வாங்கினேன். பிறகு திறந்து பார்த்தேன்.

தலைப்பை வெட்டி 'எங்கள் பெரஹெரா' என்று போட்டிருந்தார். மஹய்யாவ இருந்த இடமெல்லாம் 'எழில்மிகு கண்டி மாநகரம்'. சாம்பல், சாணம், பொலித்தீன் மூன்றுக்கும் மேலே குறுக்குக் கோடு. முதல் வரி இப்படி ஆகியிருந்தது: 'என் அன்னை மாநகர சபையில் சேவையாற்றுகிறார்.'

"மிஸ், இது அவள் எழுதினது இல்லை," என்றேன்.

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் மாத்தினனான். அந்தத் தாய் நாலு பேருக்கு முன்னால வெக்கப்படக் கூடாதெல்லே."

"அவவுக்கு வெக்கம் எண்டு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. விளங்கும்தானே. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. திருத்தின மாதிரியே ரைப் பண்ணித் தாரும்."

"பண்ண மாட்டன், மிஸ்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப அந்தப் பக்கம் இல்லை."

நான் ஒருநாளும் ஆசிரியரிடம் மாட்டேன் என்று சொன்னவளில்லை. உனக்குத் தெரியும். மாற்றி எழுதிய பக்கமாவது வரட்டுமே, உன் பெயராவது இருக்குமே என்றும் யோசித்தேன். ஒரு முழு இரவு அப்படித்தான் யோசித்தேன். ஆனால் அந்த 'அன்னை' யார் என்று எனக்கே தெரியாதபோது, அதற்குக் கீழே உன் பெயரை எப்படிப் போடுவது?

மறுநாள் பாடசாலை விட்டதும் உங்கள் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வேலை முடிந்து வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்க பாப்பா," என்று பிளாஸ்டிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொல்லி, இரண்டையும் வாசிக்கவா என்று கேட்டேன். அவர் தலையாட்டினார்; பக்கத்தால் போன மாத்தளை ரயிலின் இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு முதலில் சிவப்பு மையை வாசித்தேன்.

"'என் அன்னை மாநகர சபையில் சேவையாற்றுகிறார்...'"

"அது யாரு?" என்றார்.

"நீங்கதான் அன்ரி."

"நானா?" அவர் சிரித்துவிட்டார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நீல மையை வாசித்தபோது சிரிக்கவில்லை. சாம்பல் வந்த இடத்தில் தலையை ஆட்டினார். "ஆமா. தண்ணி பட்டா போச்சு. அப்புறம் சொரண்டணும். சரியாத்தான் எழுதியிருக்கா."

கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இப்பிடியே போட்டா உங்களுக்கு வெக்கமா இருக்குமா, அன்ரி?"

"கூட்டுறவளுக்கு என்னத்துக்குப் பாப்பா வெக்கம்? குப்பையப் போட்டவங்கல்ல படணும்." கொப்பியைத் தொட்டுக் காட்டினார். "ஆனா ஒரு தப்பு இருக்கு."

நான் பென்சிலை எடுத்தேன்.

"கடைசி வரிசைன்னு எழுதியிருக்கா. பெரஹெரா வர்றதுக்கு முன்னால அந்த ரோட்டுல யாரு போறா? மொதல்ல சாட்டை அடிச்சுக்கிட்டு வர்றவங்களுக்கும் முன்னால? நாங்கதான். மத்தியானத்துலருந்து மொத்தத்தையும் கூட்டி முடிச்சாத்தான் அவங்க கால வைப்பாங்க. இவ பின்னால வர்றப்பத்தான எங்கூட வந்தா. அதான் தெரியல." குரல் இறங்கியது. "இந்த வருஷம் முன்னாலயும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன்."

உன் தலைப்பை மாற்ற எனக்கு உரிமை இல்லை. அவர் சொன்னதை விடவும் மனமில்லை. அங்கேயே இருந்து, உன் கட்டுரையின் கீழே பென்சிலால் எழுதினேன்: 'திருத்தம். பெரஹெராவுக்கு முன்னாலும் இவர்களே நடக்கிறார்கள். திருத்தியவர்: கட்டுரையாளரின் தாயார், வீதி கூட்டுபவர்.' வாசித்துக் காட்டினேன். என்னிடம் பேனை கேட்டு வாங்கி, பக்கத்தில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை அதைக் கொண்டுபோய் மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். நின்றபடியே வாசித்தார். பிறகு இருந்து வாசித்தார்.

"தாயே சொன்னவவோ?"

"ஓம், மிஸ். கையெழுத்தும் வச்சவ."

சிவப்புப் பேனையை எடுத்தார். நான் கொப்பியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன், விடவில்லை. "விடும் பிள்ளை," என்று சொல்லி, நீ 'கொப்பறை' என்று எழுதியிருந்ததை 'கொப்பரை' ஆக்கினார். வேறு எதையும் தொடவில்லை. "உள்ளுக்கு இடம் முடிஞ்சுது. கடைசிப் பக்கம்தான் இருக்கு."

"அந்தப் பக்கமே காணும், மிஸ்," என்றேன். நம் வகுப்பில் எல்லோரும் சஞ்சிகையைப் பின்னாலிருந்துதான் திறப்பார்கள் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது.

அடுத்த வாரம் விடுமுறை. மறுபடியும் யாழ்ப்பாணம், மறுபடியும் நல்லூர். வழக்கம்போல வாசித்துவிட்டுத்தான் போகப்போகிறேன். ஆனால் முன்பு போல வாசிக்க முடியவில்லை. கோபுரம், தேர், எத்தனையாம் நாள் எந்த வாகனம் என்று ஒரு பக்கம் வரும்போதே, இத்தனை சனமும் போன பிறகு இந்த வீதியைக் கூட்டியவர் யார், எங்கே குடியிருந்தார், எந்தச் சொல்லால் அவரைக் கூப்பிட்டார்கள் என்று தேடுகிறேன். நீ எனக்குள் வைத்துவிட்டுப் போனது இந்தக் கேள்விதான். போன வருடம் வரை அங்கே நான் அந்த ஆட்களைக் கண்ணால் கண்டும் பார்த்ததில்லை. இந்த வருடம் அவர்களிடம் போய்க் கேட்பேன். பெரியம்மா முகம் சுளித்தாலும் கேட்பேன்.

இன்று மூன்று நூல்கள் பார்த்தாயிற்று. ஒரு வரிகூட இல்லை. நான்காவதைத் திறந்து உள்ளடக்கத்தில் விரல் வைத்தேன். மூடும் நேரம், ஆறு மணி, ஆகிவிட்டது போலிருக்கிறது. நூலகர் விளக்குகளை அணைத்துவிட்டார்; சன்னல் வெளிச்சத்தில் இதை எழுதி முடிக்கிறேன்.