வேட்டக்குடி அத்தையின் பெயர்

அன்புள்ள அண்ணன் மணிபாரதிக்கு,

இது அம்மாவின் கடிதம். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் அம்மா சொல்லச் சொல்ல எழில்மதி எழுதுகிறேன். நடந்தது எதையும் மறைக்காமல் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நெரவியில் நாங்கள் மூவரும் சுகம், மஸ்கட்டில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க அம்மா வேண்டிக்கொள்கிறாள், வெயிலுக்கு மோர் குடிக்கச் சொல்கிறாள். கைவலி பெரிதில்லையாம், மனசுதான் ஒரு நிலையில் இல்லையாம். காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிறாள், சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். போனில் சொன்னால் அழுதுவிடுவாளாம், அதனால்தான் பத்திரிகைப் பார்சலோடு கடிதம்.

உன் கல்யாணப் பத்திரிகையில் அத்தைமார் வரிசையில் ஒட்டியிருக்கும் சீட்டைத் தூக்கிப் பார். கமலாம்பாள், தையல்நாயகி, அப்புறம் ‘வேட்டக்குடி அத்தை’. பெயரைப் பிறகு கேட்டுப் போடலாம் என்று அப்பா அப்படி எழுதிவைத்து மறந்துவிட்டார், அச்சகத்திலும் அப்படியே அடித்துவிட்டார்கள். பிழை திருத்தியது நான்தான் அண்ணா. மூன்று ஒற்றுப்பிழைகளைக் கண்டுபிடித்த எனக்கு இது பிழையாகவே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் அம்மாவும் திருவேட்டக்குடிக்குப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். அத்தை கண்ணாடி போட்டு, விரல் வைத்துப் படித்துவிட்டு, “பரவால்ல தம்பி, ஊரு பேரையாச்சும் சரியா போட்டிருக்கீங்க” என்றாராம். காபி கொடுத்தாராம், கல்யாணத்துக்கு வருவது பற்றி மட்டும் “பாப்போம்” என்றாராம். திரும்பும்போது பஸ்ஸிலேயே அம்மா, ஒங்க சித்தப்பா பொண்ணு பேரு ஒங்களுக்கே தெரியாதா என்று பிடித்துக்கொண்டாளாம். சின்ன வயதிலிருந்தே பாப்பாக்கா என்றுதான் கூப்பிடுவோம் என்று அப்பா முனகினாராம். நான் மட்டும் என்ன கிழிச்சேன், நான் டைபாய்டுல கெடந்தப்ப எம் புள்ளைய ரெண்டு மாசம் வச்சு சோறு போட்டாங்களே, ஒருநாளாவது கேட்டேனா என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டாளாம்.

நேற்று பள்ளி விட்டதும் நானே போய், “அத்தை, ஒங்க பேரு என்ன?” என்று கேட்டேன். “ஏன்டி, பரீச்சையில கேக்குறாங்களா?” என்று சிரித்தார். பிறகு, “அல்லி” என்றார். “ஒங்க மாமா போனப்புறம் பேங்க்குல மட்டுந்தான் பேரச் சொல்லிக் கூப்புட்டாங்க, இப்ப அங்கயும் டோக்கன் நம்பர்தான்.” கல்யாணத்துக்கு வருவீர்களா என்றேன். மறுபடியும் “பாப்போம்”தான்.

நானூறு பத்திரிகையிலும் அல்லி என்று எழுதிய சீட்டை ஒட்டுகிறோம். அதனால் சரியாகிவிடாது என்கிறாள் அம்மா. அத்தைமாரில் மூத்தவர் அவர்தான், அவர் முதல் நலங்கு வைக்காமல் நீ எப்படி மணையில் உட்காருவாய்? பார்சல் கைக்கு வந்த அன்றே அவருக்குப் போன் போடு. எடுத்ததும் ‘அல்லி அத்தை’ என்று கூப்பிடு, மற்றதெல்லாம் அப்புறம். மறந்துவிடாதே.

நீயும் உனக்கு வரப்போகிறவளும் குறையொன்றும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். எப்போதும் ‘அம்மா’ என்று மட்டும் போடுகிறவள் இன்று இடது கையால் பெயரை எழுதுகிறாள். கோணலாகத்தான் வருகிறது, நான் திருத்தவில்லை.

தாமரைச்செல்வி

அப்பா கூடத்து விளக்கை அணைத்துவிட்டார். அடுப்படி வெளிச்சத்தில் அம்மா ஒரு கையாலேயே இன்னும் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.