புள்ளிக்குப் பின்னால் இருந்த எடை

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்தாளே என்று கோபித்துக்கொள்ளாதே. குழந்தை இப்போதுதான் கண்ணயர்ந்தாள். பகலில் பேனாவை எடுத்தால் யாருக்கு, என்ன என்று கேள்வி வரும்.

இன்று அடையாறு கிளினிக்கில் பினாயில் ஊற்றித் துடைத்திருந்தார்கள். அந்த வாடையில் நம் கெமிஸ்ட்ரி லேப் நினைவுக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டித் தராசின் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்காவது தசமம் வரை படித்துச் சொல்வாய். நானோ கணக்கில் ஒவ்வொரு வரியிலும் தசமத்தைச் சுருக்கிக்கொண்டே போவேன். விடை எங்கேயோ போய் நிற்கும். "நடுவுல ரவுண்ட் பண்ணாதேடி. கடைசில ஒரு தடவை பண்ணு. என்ன அவசரம், பஸ்ஸா போறது?" என்பாய்.

போன மாதம் குழந்தையை எடை போட்ட ஆயா "அஞ்சு கிலோ" என்றாள். இன்றும் அதே அஞ்சு. நடுவில் ஒரு வாரம் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வேறு.

"அஞ்சுக்கு மேல எவ்வளவு ஆயா?"

"அஞ்சுன்னா அஞ்சுதாம்மா. குந்துமணி பாக்க இது இன்னா நகைக்கடையா?"

பின்னால் நின்ற என் மாமியார் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. ரிக்‌ஷாவில் கேட்டே விட்டேன்.

"நான்தான் சொல்லி வச்சேன். நாலு பேர் நிக்கற இடத்துல குழந்தை எடையை முழுசா சொல்லலாமா? கண்ணு பட்டுடும். புள்ளிக்கு அப்புறம் வர்றதை விட்டுடச் சொன்னேன்." எடைச் சீட்டிலும் அப்படியேதான் எழுதுகிறார்களாம்.

கண்ணுக்குப் பயந்துதானா? இல்லை, எடை இறங்கியது எனக்குத் தெரியக் கூடாது என்றா? ஐந்து புள்ளி ஒன்றும் அஞ்சுதான், ஐந்து புள்ளி ஒன்பதும் அஞ்சுதான்.

அத்தையை வீட்டில் இறக்கிவிட்டு, அதே ரிக்‌ஷாவில் குழந்தையோடு திரும்பிப் போனேன். ஆயா முணுமுணுக்க, மறுபடி எடை போட்டு நானே தராசு முள்ளைப் பார்த்தேன். ஐந்து புள்ளி நான்கு. போன மாதம் எவ்வளவு என்றால் அவளுக்கு நினைவில்லையாம்.

"சிரிச்சுண்டுதானே இருக்கா, எல்லாத்துலயும் உனக்குச் சந்தேகம்" என்கிறார் இவர். சிரிக்கிறாள்தான். மணிக்கட்டு மெலிந்த மாதிரி எனக்கு மட்டும் தெரிகிறது. எடை இறங்கியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏறியதா இறங்கியதா என்று அவருக்கு நான் எதை வைத்துச் சொல்வது?

போன மாதம் என்னோடு கிளினிக்குக்கு வந்தவள் நீ. மறுநாள் கான்பூருக்கு ரயிலேறிவிட்டாய். ஆயாவின் தோளுக்கு மேல் எட்டி முள்ளைப் பார்த்தாய். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அத்தை உன் கையைப் பிடித்து அழுத்தினார். ஊருக்குப் போகிறவள் என்ற பிரியம் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தக் கைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

நீ இல்லாத இந்த ஊரில், யாராவது முழு எண்ணாகச் சொன்னால் மிச்சம் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது அது.

அன்று முள் எங்கே நின்றது? என்னிடம் சொல்ல மாட்டேன் என்று நீ அத்தைக்கு வாக்குக் கொடுத்திருந்தாலும் எனக்கு எழுது. சீக்கிரம் பதில் போடு.