மாவுத் தொட்டியில் நின்று பேச வேண்டாம்

மாண்புமிகு ஊர்த்தலைவர் பிரியோ அவர்களுக்கு (நேற்றைய சண்டைக்குப் பிறகு உங்களை வேறெப்படிக் கூப்பிடுவது?),

டெம்பே வறுவலும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கு வந்துவிடுங்கள்.

கெளுத்தி மீன் வளர்க்கிற தார்ப்பாய்த் தொட்டி நிறைய மரவள்ளி மாவைக் கெட்டியாகக் கரைத்து வைத்திருக்கிறார்கள் என் மாணவர்கள். மேலே ஓடினால் தரை மாதிரி தாங்கும்; நின்றால் காலை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன்மேல் ஓடித்தான் நீங்கள் அறிவியல் கண்காட்சியைத் திறந்து வைக்கப் போகிறீர்கள்.

"ஊர்த்தலைவன் நாலு பேர் முன்னாடி ஓடுவானாடி?" என்று நேற்றுக் குதித்தீர்களே, இன்று ஓடித்தான் ஆக வேண்டும். நடுவில் யார் மைக்கை நீட்டினாலும் வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுச் சுன்னத்து விருந்தில் சோறு ஆறிப்போகும்வரை வாழ்த்திப் பேசியவர் நீங்கள். "டீச்சர், ஐயாவை ஓட விடலாமா, பேச விடலாமா? ரெண்டுமே நல்ல சோதனைதான்" என்கிறார்கள் பிள்ளைகள்.

வுலான்

மறந்துவிட்டேன்: மாற்றுக் கைலி ஒன்றைத் தொட்டிக்குப் பின்னால் பையில் வைக்கிறேன். உங்கள் மேல் எனக்குள்ள நம்பிக்கை அவ்வளவுதான்.

இன்னொன்று: சிக்கிக்கொண்டால் காலை வெடுக்கென்று இழுக்காதீர்கள், இன்னும் இறுகும். பேசாமல், மெதுவாக எடுத்தால் தானே விட்டுவிடும். என் கோபமும் அப்படித்தான். நேற்று சமாதானம் செய்ய வந்தவர், "பெரியோர்களே, தாய்மார்களே" என்றல்லவா ஆரம்பித்தீர்கள்!