நரிப் படத்துக்குச் சொல்லி வைத்தேன்

பாப்பா,

சோறு மூடி வைத்திருக்கிறேன். முட்டை மட்டும் சூடாகப் போட்டுக்கொள். சாவி என் பழைய செருப்புக்குள் இருக்கும். இன்றைக்கு இரண்டு லாரி மூட்டை இறக்க வேண்டும், வரத் தாமதமாகும்.

நேற்று நீ ஆசையாகத்தான் சொன்னாய்: "பழசை வச்சிக்கிட்டு மாரடிக்க முடியலப்பா. கம்ப்யூட்டர்ல இருந்த எல்லாத்தையும் அழிச்சிட்டு லினக்ஸ் போட்டுட்டேன். இப்பப் பறக்குது பாருங்க." நான்தான் "யாரைக் கேட்டுத் தொட்டே?" என்று கத்திவிட்டேன். நீ சாப்பிடாமலே படுத்துவிட்டாய். உன் மேல் தப்பில்லை. உனக்குத் தெரியாது.

பழைய விண்டோஸில் அம்மாவின் பிரவுசர் இருந்ததே, அதில் நான் ஓர் எழுத்து தட்டினால் போதும், அவள் எப்போதோ தேடியது முழுதாக வந்து நிற்கும். 'மு' என்றால் 'முதுகு வலிக்கு ஒத்தடம்'. 'பெ' என்றால் 'பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருவது எப்படி'. அப்படித் தேடித்தான் எனக்குச் சொல்லித் தந்தாள் என்று என்னிடம் மூச்சு விட்டதில்லை, கள்ளி. அவள் கண்ணை மூடிய பிறகு இந்த இரண்டு வருஷமும் தினம் ஓர் எழுத்து நான் தட்டுவேன், மிச்சத்தை அவள் சொல்லுவாள்.

காலையில் உன் நரிப் படம் போட்ட பிரவுசரில், அவள் தேடியதில் நினைவிருந்ததை எல்லாம் ஒற்றை விரலால் தட்டி வைத்தேன். பிறகு 'மு' போட்டேன். வந்தது. ஆனால் சொல்வது அவள் இல்லை, நான்தான்.

சாப்பிட்டுவிடு.

அப்பா

இன்னொன்று: அம்மா என்னென்ன தேடுவாள் என்று உனக்கும் தெரியுமே. எனக்குச் சொல்லாமல் அதில் தட்டி வை. ஓர் எழுத்தை நான் போட்டுக்கொள்கிறேன்.