பாலம்மாளின் தூக்கம்

மேலகரம்,
10-7-1937

தங்கச்சி ஆவுடைத்தாய்க்கு அக்கா உலகம்மாள் எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். உன் மகளும் சுகந்தான். தூக்கம் மட்டும் இல்லை. நீ டீச்சர் டிரெயினிங் படிக்கப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள். பன்னிரண்டு ராத்திரியும் இந்த வீட்டில் யாரும் கண் மூடவில்லை. விளக்கை அணைத்ததும், "அம்மா எங்கன?" என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். என் காதைத் தடவிப் பார்ப்பாள்; அது உன் காது இல்லை என்று தெரிந்ததும் அழுகைதான். சாரல் விடாமல் அடிப்பதால் தொட்டில் துணிகூடக் காயவில்லை. தோளில் போட்டு நடந்து நடந்து இடுப்பு விட்டுப்போயிற்று. "பெத்திருந்தால்லா பிள்ளைய உறங்க வைக்கத் தெரியும்" என்று பக்கத்து வீட்டு முப்பிடாதி சொல்லுதா. கேட்டுக்கொண்டேன்.

உலகம்மாள்

பாளையங்கோட்டை,
16-7-1937

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. "உன் வீட்டுக்காரரு போய்ச் சேந்துட்டாரு, இனி உன் காலிலதான் நீ நிக்கணும்" என்று சொல்லி அனுப்பியவள் நீ. உன்னால் முடியவில்லை என்றால் ஒரு வரி எழுது, பெட்டியைக் கட்டிவிடுகிறேன். அடுத்த பாயில் படுக்கும் சுகிர்தம், "ராத்திரி எதுக்குக்கா தலையணையத் தட்டிக்கிட்டே இருக்கிய?" என்று கேட்கிறாள். எனக்கே தெரியாது.

உன் தாயி

மேலகரம்,
5-10-1937

தாயிக்கு,

நீ படிப்பை விட்டுவிடுவாயோ என்று பயந்துதான் ஆகஸ்டில் "நன்றாகத் தூங்குகிறாள்" என்று கார்டு போட்டேன். அது பொய். இப்போது நிஜமாகவே தூங்குகிறாள், இருபது நாளாக. என் வயிற்றில் காலைப் போட்டால் விடியும்வரை அசைவில்லை. நான்தான் பழக்கம் விடாமல் முழித்து முழித்துப் பார்க்கிறேன்.

உன்னிடம் மறைக்கக் கூடாது. என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். "பெரியம்மான்னு சொல்லுட்டி" என்று இரண்டு நாள் திருத்தினேன். பிறகு அசதியில் விட்டுவிட்டேன். அசதி மட்டும் காரணம் என்று எழுத மனசு வரவில்லை.

தீபாவளிக்கு வராதே. உன்னைப் பார்த்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். என் உடம்பில் தெம்பில்லை.

அக்கா

தென்காசி ரயிலடி,
4-11-1937

அக்கா,

வராதே என்று நீ எழுதியும் வந்தேன். நீ தோசை சுட்டுப் போட்டாய். உன் முகத்தைப் பார்த்துப் பேச வாய் வராமல், வண்டி வரும்வரை இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்றுப் பாலம்மாளை என் பக்கத்தில் கிடத்தினாய். நடுச்சாமத்தில் முழித்தவள் என்மேல் ஏறித் தாண்டி உன்னிடம் வந்துவிட்டாள். நீ தூங்குகிறவள் மாதிரி கிடந்தாய். நானும் அப்படியே கிடந்தேன். அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். தூங்கிப்போனேன் அக்கா. நாலு மாதமாக அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

பரீட்சை ஏப்ரலில். அதுவரை உன்னிடமே இருக்கட்டும். உன்னை அம்மா என்றே கூப்பிடட்டும், திருத்தாதே. என்னை மட்டும் சித்தி என்று சொல்லிக் கொடுத்துவிடாதே.

ஆவுடைத்தாய்