செருப்போடு தொட்ட மைக்

அண்ணா,

போன மாதம் ஜூஜுவாடியில் எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஒருத்தர் கித்தார் வைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். ஒண்டி ஆள். பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி, ஊருக்குப் போகும்போது துணி எடுத்துப் போவோமே, அந்த அளவுதான். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், பேட்டரி எல்லாம் அதற்குள்ளேயே இருந்தது. கேண்டீன் வேலை முடிந்து வெளியே வந்த நான் நின்று பார்த்தேன். பாட்டு முடிந்ததும் அவர் கித்தாரைக் கழற்ற வேண்டியிருந்தது. "அக்கா, இத கொஞ்சம் புடிங்க" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

வாங்குவதற்கு முன்னால் என் கால் தானாகச் செருப்பை உதறிவிட்டது. வெறும் மண்ணில் நின்று, புறங்கையை மைக்கில் ஒட்டி எடுத்தேன்.

அவர் சிரித்தார். "என்னக்கா, பாம்பா அது? பேட்டரிக்கா. கடிக்காது."

மைக்கின் கம்பி வலையிலிருந்து வாசனை வந்தது. துருவும் எச்சிலும் வெற்றிலையும் கலந்த வாசனை. உன் மைக்கிலும் அதுதான் வரும். அதைத் திரும்ப அவர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்தேன்.

பதினோரு வருஷமாக ஒருத்தரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ செத்த அன்றைக்கு மைக்கைத் தொட்டுப் பார்த்தது நான்தான். தொடும்போது என் காலில் செருப்பு இருந்தது. அந்தப் பழி கரண்ட் கொடுத்த டீக்கடைக்காரர் மேல் விழுந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

நீ வேலை பார்த்த கம்பெனியைப் பூட்டிய பிறகு நீ வேறு வேலைக்குப் போகவில்லை. புல்புல் தாராவை மடியில் வைத்து, இடது கையால் கட்டைகளை அழுத்தி வலது கையால் கம்பியை மீட்டிக்கொண்டே பாடுவாய். தபேலா கிடையாது, கூடப் பாட ஆள் கிடையாது. காதுகுத்து, கல்யாணம், மாரியம்மன் பண்டிகை, அது இல்லாத நாளில் சந்தை. அண்ணி கல்லாவியில் அவள் அம்மா வீட்டில் பிள்ளைகளோடு இருந்தாள். புருஷன் விட்டுப் போன நான் உன்னோடு சைக்கிள் தள்ளிக்கொண்டு நடந்தேன். பின்னால் கேரியரில் மரப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபையர். நடுக்கம்பியில் சாக்குப் பையில் பேட்டரி. ஹேண்டில் பாரில் குழாய் ஸ்பீக்கர், பூசணிப்பூ மாதிரி வாயைத் திறந்துகொண்டு தொங்கும். பேட்டரி ஆசிட் பட்டு என் புடவை எல்லாம் பொத்தல். "உன் தங்கச்சி சல்லடை கட்டிகினு வரா" என்று மாட்டுத் தரகர்கள் கிண்டல் செய்வார்கள். "சல்லடையில சலிச்ச பாட்டுதான் நான் பாடறது, தூசி இருக்காது" என்பாய் நீ.

எல்லாம் நீ காட்டிக் கொடுத்தபடி செய்வேன். இருப்பது ஒரே மைக். அதில் உன் வாயும் கேட்க வேண்டும், கம்பியும் கேட்க வேண்டும். வாய்க்கு ஒரு சாண், கம்பிக்கு நாலு விரல் கூடுதல் என்று ஸ்டாண்டை வளைத்து நிறுத்துவேன். குழாயை உன் முதுகுக்குப் பின்னால் கட்டினால் ஊளையிடும். அதனால் உனக்கு முன்னால் தள்ளி, ஜனங்களைப் பார்த்தாற்போல மரத்தில் கட்டுவேன். நெடுஞ்சாலைக் காற்று மைக்கில் புகுந்து புஸ்புஸ் என்னும். அதற்கு உன் கைக்குட்டையைச் சுற்றுவேன். பிறகு கூட்டத்தின் கடைசிக்குப் போய் நின்று கேட்பேன். கூட்டம் சேரச் சேர சத்தம் அமுங்கும். நான் கையை உயர்த்தினால் நீ கூட்டுவாய், தாழ்த்தினால் குறைப்பாய். குழாய் அந்தப் பக்கம் பார்ப்பதால் நீ பாடுவது உனக்கே சரியாகக் கேட்காது. "என் காது அங்க நிக்குது பாருங்க, பச்சைப் புடவையில" என்று மைக்கிலேயே சொல்லுவாய். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியாது. ஆனால் பிடிக்கும்.

நம் ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் ஓடினால் பசு. கரண்டில் போட்டால் சில நேரம் உதைக்கும். இரண்டு முனை பிளக் பின்னை ஒரு பக்கமாகச் செருகினால் மைக்கில் கரண்ட் இறங்கும். திருப்பிச் செருகினால் இருக்காது. எது எந்தப் பக்கம் என்று ஊருக்கு ஊர் மாறும். அதனால் கரண்டில் போடும் நாளெல்லாம் நான் தொட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நீ உட்காருவாய். "செருப்பக் கழட்டு. புறங்கையால தொடு. உள்ளங்கையால தொட்டா புடிச்சிக்கும், புறங்கைன்னா உதறி உட்டுடும்." நூறு தடவை சொல்லியிருப்பாய். ஒருநாள், "நீதான் பாடறவன், நீயே தொட்டுப் பாரேன்" என்று கேட்டேன். "எனக்கு ஒண்ணு ஆனா பாட்டு நின்னுடும். உனக்கு ஒண்ணு ஆனா உன் வாய் நிக்கும். ஊருக்கு நல்லது" என்றாய். அப்படிச் சொல்லிவிட்டு, அன்றைக்கு நீயே முதலில் தொட்டாய்.

நீ மட்டும் எப்போதும் வெறுங்காலில்தான் பாடுவாய். செருப்புப் போட்டுக்கொண்டு பாடினால் நாக்கு அழுகிப் போகும் என்பாய். சந்தைச் சேறானாலும் சரி, சாணியானாலும் சரி.

அன்றைக்குக் குந்தாரப்பள்ளி சந்தை. மூன்று நாளாக மழை. சந்தைக்கு முந்தின இரண்டு நாளும் கரண்ட் சரியாக இல்லாததால், சார்ஜுக்குப் போட்ட பேட்டரி பாதிதான் ஏறியிருந்தது. நீ ஒரு பாட்டு முடிப்பதற்குள் குழாய் கம்மிவிட்டது. கூட்டம் நன்றாகச் சேர்ந்திருந்தது. "கன்னடதல்லி ஒந்து ஹாடப்பா" என்று மாலூரிலிருந்து மாடு வாங்க வந்தவர்கள் கன்னடப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். உனக்கு எழுந்து போக மனசில்லை. எனக்கும்தான்.

டீக்கடைக்காரரிடம் போய்க் கரண்ட் கேட்டது நான். அவர் தெற்குச் சீமையிலிருந்து வந்தவர். அந்தச் சந்தையில் அவருக்குச் சொந்தபந்தம் என்று ஒருத்தரும் கிடையாது. "மழை பெஞ்சு ஊறிக் கெடக்கு தாயி. இன்னைக்கு வேண்டாமே" என்றார். "எங்கண்ணனுக்கு இதுதான் தொழிலு. நாங்க பாத்துக்கறோம், நீங்க குடுங்க" என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே ஒயரை எடுத்துக் கொடுத்தார். பின்னைச் செருகியதும் நான்தான்.

எனக்கு விரலிடுக்கு எல்லாம் சேற்றுப்புண். உனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. வெறுங்காலைச் சேற்றில் வைத்தால் உயிர் போகும். பழைய கம்பெனியில் நான் துப்புரவு வேலை செய்தபோது கொடுத்த கனத்த ரப்பர் செருப்பைப் போட்டிருந்தேன். ஒரு நிமிஷம் கழற்றினால் போதும். கழற்றவில்லை. செருப்போடு நின்று புறங்கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. ரப்பர் மேல் நின்றால் எப்படித் தெரியும்?

"பாத்தியா புள்ள?" என்றாய்.

"பாத்தாச்சு. பாடு."

நீ சேற்றில் கால் ஊன்றி ஸ்டூலில் உட்கார்ந்தாய். ஒரு கை கம்பியின் மேல் இருக்க, இன்னொரு கையால் ஸ்டாண்டைப் பிடித்து உன் பக்கம் இழுத்தாய். நான் கூட்டத்தின் கடைசிக்குப் போய்த் திரும்புவதற்குள் குழாயில் கர்ரென்று ஒரு சத்தம். முன்னால் நின்றவர்கள் நீ வேடிக்கை காட்டுகிறாய் என்று சிரித்தார்கள். நீ எப்போதும் வேடிக்கை காட்டுகிறவன்தானே. நான் அத்தனை பேரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வருகிறேன், வழி விடமாட்டேன் என்கிறார்கள். டீக்கடைக்காரர்தான் முதலில் பார்த்தார். கடைப் பலகையால் பின்னை அடித்துப் பிடுங்கினார். நான் வந்தபோது நீ ஸ்டாண்டோடு பக்கவாட்டில் விழுந்து கிடந்தாய். உன் கண் திறந்திருந்தது. கூப்பிட்டேன். உலுக்கினேன்.

ஒயர் அவர் கையில் இருந்தது. அதுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. "இவன் ஒயரு பிஞ்ச ஒயருடா" என்று ஒருத்தன் கத்தினான். அவ்வளவுதான். பாய்லரைக் கவிழ்த்தார்கள், கண்ணாடி ஜாடிகளை உடைத்தார்கள், அவரைச் சேற்றில் போட்டு மிதித்தார்கள். நான் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷனில் போலீஸ் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "மைக் செட் நீதானம்மா பாக்கற? சரியா பாத்தியா?"

"பாத்தேன் சார்."

மூலையில் உதடு கிழிந்து உட்கார்ந்திருந்தவர், "வேண்டாம்னு சொன்னேன்ல தாயி, நீ சொல்லு" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நான் அதைச் சொல்லாமலேயே விசாரணை முடிந்துபோனது. கொஞ்ச நாளில் அவரை விட்டுவிட்டார்கள். ஆனால் சந்தையில் யாரும் கடை போட விடவில்லை. அண்ணி ஒவ்வொரு திதிக்கும் உன் படத்துக்கு முன்னால் மண்ணை வாரித் தூற்றி அவர் குடும்பத்தைச் சபிப்பாள். பக்கத்தில் நின்று நானும் கற்பூரம் காட்டுவேன்.

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்கு நான்கு வருஷமாகத் தெரியும். ஸ்டேட் பார்டரில் லாரிகள் நிற்கும் இடத்தில் சைக்கிளில் கேன் வைத்து டீ விற்கிறார். அந்த வழியாகப் போனால் எனக்குக் கம்பெனி பக்கம். நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்.

கித்தார்க்காரர் பாடிய நாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேராகப் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது அவருக்கு. என்னை அடையாளம் தெரியவில்லை. "டீயா தாயி?" என்றார். நான் யார் என்று சொன்னேன். கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கை நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சேற்றுப்புண், செருப்பு, "பாத்தாச்சு" என்று உன்னிடம் சொன்னது, போலீசில் சொல்லாமல் விட்டது.

திட்டுவார், அடிப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் கீழே குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஒயர எத்தன தடவ மனசுக்குள்ள எடுத்துப் பாத்திருக்கேன் தெரியுமா? எங்க பிஞ்சிருந்துச்சு, எங்க பிஞ்சிருந்துச்சுன்னு. என் பொண்டாட்டி சாகுறப்பக்கூட கேட்டா, நெசமாவே ஒயரு நல்ல ஒயருதானான்னு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். ஒரு மனுசன நாமதான் கொன்னுட்டோம்னு நெனச்சே கெடந்தேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். "எம்மேல பாவப்பட்டு சொல்லலையே?"

"இல்லைங்க. சாமி சத்தியமா."

"அப்படின்னா இன்னொரு தடவ சொல்லு. இவுகளுக்கும் கேக்கட்டும். சத்தமா சொல்லு."

டீக்காக நின்றிருந்த டிரைவர்கள், கிளீனர்கள், எட்டுப் பத்துப் பேர் இருக்கும். அவர்களுக்கு நீயும் தெரியாது, நானும் தெரியாது. இத்தனை வருஷத்தில் கூட்டத்துக்கு முன்னால் நின்று நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.  "இவர் ஒயர்ல ஒரு குத்தமும் இல்ல. எங்கண்ணன் செத்தது என்னாலதான்" என்றேன். "கேக்கல" என்றார் அவர். மறுபடி சொன்னேன். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்து, மூன்றாவது தடவையும் சொன்னேன். ஒரு கிளீனர் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து கிளாஸ் கழுவ ஆரம்பித்தார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எனக்கு டீ ஊற்றவும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டியா? ஒங்க அண்ணன் பொஞ்சாதிகிட்ட?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "அவ எம்புள்ளைகளச் சபிச்சுக்கிட்டு இருப்பாளே" என்றார்.

உனக்குத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நீ கேட்டபோதே சொல்லியிருக்கலாம். இல்லண்ணா, செருப்பைக் கழற்றவில்லை, இரு, இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று. நீ கோபித்திருக்க மாட்டாய். "காலுக்கு என்னா?" என்றுதான் கேட்டிருப்பாய். அது எனக்குத் தெரியும் அண்ணா. தெரிவதால்தான் தாங்க முடியவில்லை.

நாளைக்குக் கல்லாவி பஸ் ஏறுகிறேன். அண்ணி எப்போதும்போல வாசலுக்கு வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவாள், பாயைப் போடுவாள், சோறு வைக்கட்டுமா என்பாள். உன் ஜாடை என் முகத்தில் இருக்கிறது என்று என் கன்னத்தைத் தொடுவாள். அவள் தொடுவதற்கு முன்னால், வாசலிலேயே நின்று சொல்லிவிட வேண்டும்.