உன் விலா எலும்பு விஷயமாக

அன்புள்ள ரெஜினா,

பழைய பகையில் உன்னைக் கல்லூரி விழாவில் நான் அடித்துவிட்டதாக மயிலாப்பூர் முழுக்கப் பேச்சாம். தவறு. நீ மூச்சில்லாமல் விழுந்தாய். அன்று காலை விழாவின் முதலுதவி வகுப்பில் மாணவிகள் சொல்லிக்கொடுத்தபடியே உன் நெஞ்சை அமுக்கினேன். விலா எலும்பு முறிந்தது உண்மைதான். சரியாக அமுக்கினால் அப்படி ஆவதுண்டு என்று டாக்டரே சொன்னார்.

"நிறுத்தாதம்மா, அமுக்கிகினே இரு! ஷாக் மிஷின் வந்துகினு கீது!" என்று கத்தியது வாசல் காவலாளி முனியம்மாள். நின்ற இதயத்தை மறுபடி துடிக்கவைக்கும் அந்த மிஷினை மாணவிகள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கண் விழித்ததும் நீ, "நீயாடி? தள்ளிப் போ!" என்றாய். என் வீட்டுக்காரர் காலமான பிறகு என்னை இவ்வளவு உரிமையோடு யாரும் திட்டியதில்லை.

தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரை வருகிறேன். அங்கே நல்ல நிழல்.

உள்ளே வரலாமா? போனில் கத்தாதே, விலாவுக்கு ஆகாது. பதிலை எழுதி அனுப்பு.

உன் கான்வென்ட் பெஞ்சுக்காரி